ஒரு வீட்டை இருமுறை எண்ணாதீர்!



கணவன், மனைவி இருவருக்கும் வெளிநாட்டில் ஆங்கில ஆசிரியர் பணி. தங்குவதற்கு வீடு இலவசம். இப்படியொரு வாய்ப்பு வந்திருக்கிறது என்று முகவர் ஒருவர் வந்து சொன்னால், நம் இல்லங்களில் எத்தகைய மகிழ்ச்சி உண்டாகும் என்பதை நீங்கள் அறிவீர்கள். விழுப்புரம், திண்டிவனம் நகரங்களிலும் முகையூர் ஒன்றியத்துச் சிற்றூர்களிலும் எம்.ஏ. ஆங்கிலமும் பி.எட். பட்டமும் பெற்று, உள்ளூர்த் தனியார் பள்ளிகளில் குறைந்த சம்பளத்திற்கு உழைக்கும் இளந்தம்பதியர் பலருக்கு இது கனவு கைகூடும் வேளையாகத் தோன்றும். கணவன் ஓரிடம், மனைவி ஓரிடம் என்று ஆண்டுக்கணக்கில் பிரிந்து வாழும் துயரமும் இதில் இல்லை. ஆகவே பெற்றோரும் மறுப்புச் சொல்வதில்லை.

மகிழ வேண்டிய செய்திதான். ஆயினும், "வீடு இலவசம்" என்னும் சொல்லை மட்டும் சற்றே நிறுத்தி நிதானமாக எடைபோட்டுப் பார்க்குமாறு இத்திங்கள் உங்களை வேண்டுகிறோம்.

நம் சிற்றூர்களில் பெரும்பாலோர் சொந்த வீட்டிலோ, தந்தையார் கட்டிய வீட்டின் ஒரு பகுதியிலோ வாழ்கின்றவர்கள். மாதம் பிறந்ததும் வாடகை எண்ணி வைக்கும் பழக்கம் அவர்களுக்கு இல்லை. எனவே சம்பளம் எவ்வளவு என்று கேட்பார்கள், விமானச் சீட்டு உண்டா என்று கேட்பார்கள், வீட்டைப் பற்றி, "தருகிறார்களா?" என்ற ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொள்வார்கள். அதன் மதிப்பு என்ன, அது யார் பெயரில், எந்நாள் வரை என்று கேட்பதில்லை. இழப்புக்கு வாயில் திறப்பது இவ்விடத்தில்தான்.

வீடு என்பதும் ஊதியமே

முதலாளி தரும் வீடு அவருடைய அன்பளிப்பு அன்று. உங்கள் ஊதியத்தின் ஒரு பகுதி. ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021ஆம் ஆண்டின் 33ஆம் எண் தொழிலாளர் சட்டம் இதனைத் தெளிவாக வைத்திருக்கிறது. தனியார் துறை முதலாளி தம் பணியாளருக்குத் தகுந்த உறைவிடம் தரலாம். அல்லது அதற்கு ஈடாக ரொக்கமாக வீட்டுப்படி தரலாம். அல்லது அதனைச் சம்பளத்திலேயே சேர்த்துத் தரலாம். வழி மூன்று, பொருள் ஒன்று. பள்ளி வீடு தருகிறதென்றால், மற்றோர் இடத்தில் பணமாக வரக்கூடியது இங்கே சுவராகவும் கூரையாகவும் வருகிறது, அவ்வளவே.

அந்த வீடு ஏமாற்று வேலை என்று நாம் சொல்லவில்லை. புதிதாகச் சென்று இறங்குவோருக்கு அது பேருதவி. தென் கொரியாவில் வாடகைக்கு வீடு பிடிப்பதற்குப் பெருந்தொகை முன்பணமாகக் கேட்பார்கள். ஜப்பானில் வீட்டுக்காரருக்குத் திரும்பி வராத "நன்றிப் பணம்" கொடுக்கும் வழக்கம் உண்டு. அந்நாடுகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கச் செல்லும் வெளிநாட்டாருக்குப் பள்ளியே வீடு பிடித்துத் தருமானால் தலைச்சுமை பாதி இறங்கிவிடும். நம்மவர் மிகுதியாகச் செல்லும் வளைகுடா நாடுகளிலும் இதே நிலைதான். ஆனால் அந்த உதவியின் விலை என்ன என்பது தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு கணக்கு

துபாயில் ஒரு படுக்கையறை கொண்ட அடுக்குமாடி வீட்டுக்கு ஆண்டு வாடகை 40,000 திர்ஹம் என்று எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொள்வோம். இந்த வாடகையைப் பின்தேதியிட்ட காசோலைகளாக முன்னதாகவே எழுதிக் கொடுக்க வேண்டும். தரகருக்கு நூற்றுக்கு 5 வீதம் 2,000. வீட்டுக்காரரிடம் வைக்கும் காப்புத்தொகை நூற்றுக்கு 5 வீதம் 2,000. மின்சாரம், தண்ணீர் இணைப்புக்கான காப்புத்தொகை 2,000. நகராட்சியின் வீட்டுக் கட்டணம் ஆண்டு வாடகையில் நூற்றுக்கு 5, அதுவும் 2,000. இது மாதந்தோறும் மின்கட்டணப் பட்டியலோடு சேர்ந்து வரும். கட்டில், அலமாரி, அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி ஆகியவற்றுக்கு 6,000 என்றும், மின்சாரம், தண்ணீர்ச் செலவு மாதம் 400 வீதம் ஆண்டுக்கு 4,800 என்றும் கொள்வோம். முதலாண்டின் மொத்தம் 58,800 திர்ஹம். இதில் காப்புத்தொகை 4,000 மட்டும் பின்னர் திரும்பக்கூடும். இரண்டாம் ஆண்டு முதல் வாடகை, வீட்டுக் கட்டணம், மின்சாரம், தண்ணீர் என்று 46,800.

இப்போது இரண்டு வாய்ப்புகளை ஒப்பிடுவோம். முதலாவது பள்ளி, ஆளுக்கு 5,000 அடிப்படைச் சம்பளமும், இருவருக்கும் சேர்த்து மின்சாரம், தண்ணீருடன் ஒரு வீடும் தருகிறது. இரண்டாவது இடத்தில் ஆளுக்கு 5,000 அடிப்படைச் சம்பளம். வீட்டுப்படி ஆளுக்கு 2,000. அதாவது ஆண்டுக்கு இருவருக்குமாக 48,000. முதலாண்டில் படி வாங்குவோருக்கு 10,800 திர்ஹம் கைப்பொருள் குறையும். இரண்டாம் ஆண்டில் 1,200 மிஞ்சும். வாடகை உயர்ந்தால் அதுவும் மிஞ்சாது. ஆகவே இந்தக் கணக்கில் பள்ளி தரும் வீடே மேல்.

ஆனால் பள்ளி நிர்வாகம் கணக்குச் சொல்லும் முறையைக் கவனியுங்கள். கணவரிடம், "உமக்குச் சம்பளம் 5,000, வீட்டின் மதிப்பு மாதம் 3,900, ஆக 8,900" என்பார்கள். மனைவியிடமும் அதே 8,900 என்பார்கள். கேட்பவர் இரண்டையும் கூட்டி 17,800 என்று மகிழ்வார். வீடோ ஒன்றுதான்! உண்மைக் கூட்டுத்தொகை 13,900. ஒரே வீட்டை இருவர் கணக்கிலும் எழுதி, ஒருவருக்குரிய வீட்டுச் செலவைப் பள்ளி மிச்சப்படுத்திக்கொள்கிறது. தனித்தனியே இருவரை அமர்த்தினால் இரு உறைவிடமோ இரு படியோ கொடுக்க நேர்ந்திருக்கும். தம்பதியர் என்பதால் ஒன்று போதுமானதாயிற்று. அந்த மிச்சத்தில் ஒரு பங்கைச் சம்பள உயர்வாகக் கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை. கேட்பதற்குரிய நேரம் கையெழுத்திடுவதற்கு முன்பே, பின்பு அன்று.

பணிக்கொடையில் ஒளிந்திருப்பது

அமீரகச் சட்டப்படி பணி முடிவில் தரப்படும் பணிக்கொடை, முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் ஊதியம். அதன்பின் ஆண்டொன்றுக்கு 30 நாள் ஊதியம். இது அடிப்படைச் சம்பளத்தின் மீது மட்டுமே கணக்கிடப்படும். வீடும் வீட்டுப்படியும் இதில் சேரா. 7,000 அடிப்படைச் சம்பளம் வாங்குவோருக்கு ஐந்தாண்டில் 24,500 திர்ஹம் சேரும்; 5,000 அடிப்படையும் வீடும் பெறுவோருக்கு 17,500. ஆளுக்கு 7,000, தம்பதியருக்கு 14,000 திர்ஹம் வேறுபாடு! ஊர் திரும்பி வந்து வீடு கட்டவோ பிள்ளைகளைப் படிக்க வைக்கவோ உதவும் தொகை இது. சவூதி அரேபியாவில் முறை வேறு. முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுக்கு அரை மாத ஊதியமும், பின்னர் ஆண்டுக்கு ஒரு மாத ஊதியமும் தருகின்றனர். ரொக்கமாகப் பெறும் வீட்டுப்படியும் அந்த ஊதியத்தில் சேரும். செல்லும் நாடு எதுவாயினும் இந்த ஒன்றைக் கேட்டறியாமல் புறப்படாதீர்கள்.

வீடு யாருடைய பெயரில்?

சகோதரிகளே, இப்பகுதி சிறப்பாக உங்களுக்குரியது.

வளைகுடாப் பள்ளிகள் சில, "கணவர் விசாவில் இருப்போர் விரும்பத்தக்கவர்" என்று விளம்பரம் செய்வதுண்டு. காரணம் வெளிப்படை. அத்தகைய ஆசிரியைக்குப் பள்ளி விசா எடுக்க வேண்டியதில்லை; வீடு தர வேண்டியதில்லை; விமானச் சீட்டும் பெரும்பாலும் இல்லை. அதே வகுப்பில் அதே பாடத்தை நடத்தும் இன்னொருவரைவிடக் குறைந்த ஊதியத்தில் அவர் அமர்த்தப்படுகிறார். கணவருக்கு வீடு கிடைத்துவிட்டதே, மனைவிக்கு எதற்குத் தனியே என்று நம்மவர்களும் இதனை ஏற்றுக்கொண்டுவிடுகின்றனர்.

இதன் ஆபத்து, கணவரின் பணி முடியும் நாளில்தான் தெரியும். அமீரகச் சட்டப்படி, முதலாளி தந்த உறைவிடத்தைப் பணி முடிந்த 30 நாட்களுக்குள் காலி செய்ய வேண்டும். முதலாளி இசைந்தால் செலவைக் கொடுத்துவிட்டுச் சில காலம் நீடிக்கலாம். மனைவியின் வேலை நன்றாகவே நடந்துகொண்டிருக்கும். ஆனால் வீடு கணவரின் பணியோடு போய்விடும். விசாவும் கணவரைச் சார்ந்ததாயின் அதுவும் ஆட்டம் காணும். பள்ளி ஆண்டின் நடுவில், பிள்ளையையும் கையில் வைத்துக்கொண்டு, காப்புத்தொகையும் காசோலையும் தேடி அலைய நேரிடும்.

சவூதியில் இன்னொரு செலவும் உண்டு. வெளிநாட்டுப் பணியாளரைச் சார்ந்து வாழும் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதக் கட்டணம் 2017 ஜூலையில் 100 ரியாலாகத் தொடங்கி, ஆண்டுதோறும் 100 கூடி, 2020 ஜூலையில் 400 ரியாலாயிற்று. சார்ந்தவராகச் செல்லும் மனைவிக்கு ஆண்டுக்கு 4,800 ரியால்! தம் பெயரிலேயே பணி விசாவில் செல்லும் ஆசிரியைக்கு இக்கட்டணம் இல்லை. ஆகவே இருவருக்கும் தனித்தனி ஒப்பந்தம், தனித்தனிப் பணி விசா என்பதையே முதலில் நாடுங்கள்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

வீட்டில் எத்தனை அறைகள்? தம்பதியருக்கு மட்டுமா, அல்லது வேறு ஆசிரியருடன் பகிர வேண்டுமா? பிள்ளை உடன் வரலாமா? மின்சாரம், தண்ணீர், குளிர்சாதனச் செலவு யாருடையது? கோடை விடுமுறையில் வீடு நம் வசம் இருக்குமா? பழுது பார்ப்பது யார் பொறுப்பு? காலி செய்யும்போது சம்பளத்தில் பிடித்தம் உண்டா? பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையே வாகனம் உண்டா?

இவை அனைத்தினும் தலையாயது ஒன்றுண்டு. மனைவியின் ஒப்பந்தத்திலும் கணவரின் ஒப்பந்தத்திலும் இப்பொருள்பட ஒரு வாசகம் இருத்தல் வேண்டும்: இவ்வீடு இருவருக்கும் உரியது, ஒருவர் பணி முடிந்தாலும் மற்றவர் பணியிலிருக்கும் வரை வீடு தொடரும், தொடராவிடில் அவருக்கு இன்ன தொகை வீட்டுப்படியாகத் தரப்படும். இந்த மூன்று வரிகள் ஒரு குடும்பத்தைத் தெருவில் நிற்காமல் காக்கும்.

பட்டதாரிகளுக்கு ஓர் எச்சரிக்கை. 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி சில நாடுகளுக்கு வேலைக்குச் செல்வோர் குடிபெயர்வோர் காப்பாளரின் அனுமதி பெற வேண்டும். பத்தாம் வகுப்புத் தேறியவருக்கு அவ்வனுமதி தேவையில்லை. இதனைப் பெருமையாக எண்ணுகிறோம். ஆனால் அதன் மறுபக்கம் யாதெனில், அந்த அலுவலகத்தின் கண் உங்கள் ஒப்பந்தத்தில் படுவதே இல்லை. நீங்கள்தாம் படித்துப் பார்க்க வேண்டும். சென்னையில் காட்டிய தாளும், அங்கே அமைச்சகத்தில் பதிவாகும் ஒப்பந்தமும் வரிக்கு வரி ஒன்றுதானா என்று ஒப்பிடுங்கள். முகவர் அரசிடம் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். பதிவு பெற்ற முகவர் வாங்கத்தக்க கட்டணத்திற்கு 30,000 ரூபாயும் அதன்மீதான வரியும் என்று வரம்பு வகுக்கப்பட்டுள்ளது. 1978இல் தமிழக அரசு நிறுவிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது; ஐயமிருப்பின் அங்கே சென்று கேட்பதற்குத் தயங்காதீர்கள்.

இல்லத்திற்குள் ஒரு சொல்

மனைவிக்கு உறைவிடம் அமைத்துத் தருவது கணவனின் கடமை என்பதும், மனைவி ஈட்டிய பொருள் அவளுக்கே உரியது என்பதும் நாம் அறியாதவை அல்ல. ஆயினும் வெளிநாட்டில் இரு சம்பளமும் ஒரே கணக்கில் விழுந்து, மனைவியின் வீட்டுப்படியும் வாடகையில் கரைந்து, ஊரில் எழும் வீட்டின் பத்திரம் மட்டும் கணவர் பெயரில் அமைந்துவிடுவதைக் காண்கிறோம். அவள் மனமுவந்து கொடுத்தால் அது அவளுடைய பெருந்தன்மை. ஆனால் கொடுத்தது இவ்வளவு என்பது எழுத்தில் இருக்கட்டும். கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்வது நமக்குப் போதிக்கப்பட்ட பழைய பாடம். முதலாளியிடம் மட்டும் அதனைக் கேட்டுவிட்டு இல்லத்தில் மறந்துவிடலாகாது.

பெற்றோர்களே, பிள்ளைகளை வழியனுப்பும் முன், "சம்பளம் எத்தனை?" என்று கேட்பதோடு, "மருமகளின் ஒப்பந்தத்தில் வீட்டைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது?" என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். தாளை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நீங்களே ஒருமுறை படித்தும் பாருங்கள்.

வெளிநாட்டுப் பணிக்காகச் சான்றிதழ்களில் பெற வேண்டிய முத்திரைகளைப் பற்றி அடுத்த இதழில் காண்போம்.