கூலியாளுக்குக் கணக்கில் இடமெங்கே?

2023 டிசம்பர் 17ந் தேதி தொடங்கிய மழை, ஒரு இரவும் ஒரு பகலும் முடிவதற்குள் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் பெய்து விட்டது. தாமிரபரணி கரையை மீறிற்று. ஸ்ரீவைகுண்டமும் ஏரலும் தீவுகளாயின. ஆற்றங்கரை வாழைகள் அடியோடு சாய்ந்தன. தூத்துக்குடி உப்பளங்களில் குவித்து வைத்திருந்த உப்பு, கரைந்து கடலுக்கே திரும்பிப் போயிற்று. அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் மிக்ஜாம் புயல் மழை சென்னையையும் சுற்றியுள்ள ஜில்லாக்களையும் மூழ்கடித்திருந்தது.

இந்த இரண்டு சேதத்துக்கும் சேர்த்துத் தமிழக அரசு மத்திய சர்க்காரிடம் கேட்ட தொகை ரூ. 37,900 கோடிக்கு மேல். டில்லியிலிருந்து குழுக்கள் வந்தன. நிதி மந்திரியே தூத்துக்குடிக்கு வந்தார். பார்த்தார்கள், எழுதிக்கொண்டார்கள், போனார்கள். தேசியப் பேரிடர் நிதியிலிருந்து நான்கு மாதம் ஒரு காசு வரவில்லை. 2024 ஏப்ரலில் மாநில அரசு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. அந்த மாதக் கடைசியில் டில்லி கண் விழித்தது. சுமார் ரூ. 682 கோடிக்கு அனுமதி என்றார்கள். அதிலும், மாநில நிதியில் இருப்பு இருக்கிறது என்று சொல்லிக் கழித்துக்கொண்டு, கைக்குக் கொடுத்தது சுமார் ரூ. 276 கோடி. கேட்டதில் நூற்றுக்கு ஒன்று கூட இல்லை!

"2023-24ல் ரூ. 900 கோடி கொடுத்தோமே, போதாதா?" என்று டில்லியின் ஆட்கள் கேட்டார்கள். அந்த ரூ. 900 கோடி யார் கொடுத்த தானம்? நிதிக் கமிஷன் வகுத்தபடி, மாநிலப் பேரிடர் நிதிக்கு மத்திய சர்க்கார் போட வேண்டிய முக்கால் பங்கு அது. மீதிக் கால் பங்கு ரூ. 300 கோடியை மாநிலம் போட்டது. புயல் வந்தாலும் வராவிட்டாலும் அந்தப் பணம் வந்தே தீர வேண்டும். வீட்டுக்கு மாதா மாதம் கொடுக்க வேண்டிய அரிசிப் பணத்தைக் கொடுத்துவிட்டு, வைத்தியச் செலவையும் அதிலேயே பார்த்துக்கொள் என்பது போலிருக்கிறது இந்தப் பேச்சு.

தேசியப் பேரிடர் நிதிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதும் நமது தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி. 2001ம் வருஷத்து நிதிச் சட்டத்தில் பேரிடருக்கென்றே ஒரு தனி வரி போட்டார்கள். சிகரெட்டு, மெல்லும் புகையிலை, எல்லாவற்றின் மேலும் விழுந்தது. கையால் சுற்றும் பீடியைக் கூட விடவில்லை. திருநெல்வேலிச் சீமையில் பீடி சுற்றும் பெண்களின் கைவேலையும், அதைப் புகைக்கும் மூட்டை தூக்கியின் காசும் அந்தக் கஜானாவில் சேர்ந்துதான் இருக்கின்றன. அந்தச் சீமையிலேயே வெள்ளம் வந்தபோது, 'பார்க்கலாம்' என்று நான்கு மாதம் உட்கார்ந்திருந்தார்கள்.

டில்லியை இத்தனை சொன்ன பிறகு இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மாநில அரசு கேட்ட தொகையில் நிரந்தரச் சீரமைப்புச் செலவும் சேர்ந்திருந்தது. மிக்ஜாம் சேதத்துக்கு மட்டும் தற்காலிக வேலைக்கு ரூ. 7,033 கோடி, நிரந்தர வேலைக்கு ரூ. 12,659 கோடி என்று எழுதினார்கள். சாலைக்கும் பாலத்துக்கும் பணம் வேண்டியதுதான். அதைக் கேட்டது தப்பென்று நாம் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெரிய கணக்கிலும் சரி, டில்லி கொடுத்த சின்னக் கணக்கிலும் சரி, நாம் தேடிப் பார்த்தது ஒன்றே ஒன்று: கூலிக்குப் போகிறவன் பெயர் எங்கே இருக்கிறது?

2022-23 முதல் 2025-26 வரைக்கு மத்திய சர்க்கார் போட்ட உதவி விகிதத்தைப் பாருங்கள். பாசன நிலத்துப் பயிர் போனால் ஹெக்டேருக்கு ரூ. 17,000. கறவை மாடு செத்தால் ரூ. 37,500. சமவெளியில் வீடு முழுக்க இடிந்தால் ரூ. 1,20,000. அதே பட்டியலில் 'குடிசை' என்று தனியாக ஒரு வரி. ஓலையும் மண்ணும் பிளாஸ்டிக் ஷீட்டும் கொண்டு கட்டியது குடிசையாம். அது அழிந்தால் ரூ. 8,000! ஏழை வாழ்ந்தது வீடே அல்ல என்று சர்க்கார் ஏட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். வாடகைக்குக் குடியிருந்தவன் கதி இன்னும் மோசம். சுவருக்குரிய பணம் சுவரின் சொந்தக்காரனுக்கு. குடியிருந்தவனுக்குத் துணிக்கும் பாத்திரத்துக்கும் என்று எழுதிய ரூ. 5,000 கிடைத்தால் அதுவே அதிர்ஷ்டம்.

மேலே இன்னொரு வாசகமும் போட்டிருக்கிறார்கள்: இது நிவாரணமே தவிர நஷ்டஈடு அல்ல. அதாவது, போனது போனதுதான், நாங்கள் கொடுப்பதை வாங்கிக்கொள் என்று பொருள்.

கஜா புயலை மறந்து விட்டோமா? 2018 நவம்பர் 16ந் தேதி விடியுமுன் வேதாரண்யத்துப் பக்கம் கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களில் தென்னை ஒன்று விடாமல் முறிந்து கிடந்ததை நேரில் பார்த்த தோழர்கள் ஆயிரக் கணக்கில் இருக்கிறார்கள். அன்றைக்கு டில்லி விகிதப்படி பல்லாண்டுப் பயிருக்கு ஹெக்டேருக்கு ரூ. 18,000. ஹெக்டேருக்கு 175 மரம் என்று வைத்தால் மரம் ஒன்றுக்கு நூறு ரூபாய் சொச்சம்! அந்த அவமானம் பொறுக்காமல்தான் மாநில அரசு மரத்துக்கு ரூ. 600, வெட்டி அப்புறப்படுத்த ரூ. 500 என்று ரூ. 1,100 அறிவித்தது. சரி, மரத்துக்காரனுக்கு அவ்வளவாவது கிடைத்தது. அந்த மரத்தில் ஏறிக் காய் பறித்தவனுக்கு? மட்டை உரித்தவளுக்கு? கயிறு திரித்த பெண்களுக்கு? புதுக் கன்று வைத்தால் காய்க்க ஐந்தாறு வருஷம். அந்த ஐந்தாறு வருஷத்துக்கும் அவர்கள் வயிற்றை எங்கே அடகு வைப்பது? திருப்பூருக்கும் கேரளத்துக்கும் பஸ் ஏறுவது தவிர வேறு வழியை எந்த அரசாங்கமும் காட்டவில்லை.

'விதியில் இடமில்லை' என்று தாசில்தார் ஆபீசில் சொல்வார்கள். அதை நம்பித் திரும்பி வராதீர்கள். 2022ல் வந்த அந்த விதியிலேயே ஒரு இடம் இருக்கிறது. பிழைப்பு கடுமையாகக் கெட்ட குடும்பத்தில், முகாமில் தங்காத இரண்டு பெரியவர்களுக்கு, நூறு நாள் வேலைக் கூலி விகிதத்தில் தினப்படி கொடுக்கலாம் என்றும், தொடக்கத்தில் முப்பது நாள் வரை என்றும் அதில் கண்டிருக்கிறது. 2023-24ல் தமிழ்நாட்டில் அந்தக் கூலி நாளுக்கு ரூ. 294. இரண்டு பேருக்கு முப்பது நாள் என்றால் ரூ. 17,640 ஆகிறது. அந்த டிசம்பரில் குடும்பத்துக்கு ரூ. 6,000 வந்தது. கையில் ரொக்கமாக, அதுவும் சீக்கிரமாக வந்தது என்பதால் ஜனங்கள் வாங்கி அடுப்பைப் பற்ற வைத்தார்கள். நாம் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் இருவர் கூலிக்குப் போகும் வீட்டில் அது பத்து நாள் கூலி. ஏரலில் பத்து நாளிலா வாழை மறுபடி முளைத்தது?

இந்தக் கதை நமது மாநில எல்லையோடு நிற்கவில்லை. 2024 ஜூலை 30ந் தேதி விடியற்காலம், கேரளத்து வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுக்குள் போயின. தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடும்பங்கள் லயங்களோடு புதைந்தன. அங்கே மறுவாழ்வு வேலைக்கு 2025 பிப்ரவரியில் மத்திய சர்க்கார் ரூ. 529.50 கோடி கொடுத்தது. மானியமாகவா? இல்லை, கடனாக! வட்டி இல்லையாம், அது ஒரு பெருமை. அந்தப் பணத்தையும் மார்ச் 31க்குள் செலவழித்து முடி என்று நிபந்தனை. ஆறு வாரத்தில் ஊர் எழுப்பச் சொன்ன மகாராஜாக்கள் வேறு எந்த நாட்டிலாவது உண்டா? அதற்கு முன்னரே, 2024ல், ஹெலிகாப்டர் அனுப்பிய கூலி என்று ரூ. 132 கோடிக்கு மேல் பில் போட்டு அனுப்பியிருந்தார்கள்.

அந்த ஜனங்கள் வாங்கியிருந்த கடன் என்னவாயிற்று? பெரும் சேதம் வந்தால் பாதிக்கப்பட்டவர்களின் கடன் திருப்புவதில் சலுகை காட்டும்படி தேசிய ஆணையம் சிபார்சு செய்யலாம் என்று 2005ம் வருஷத்துப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் 13வது பிரிவு இருந்தது. 2025ல் கொண்டுவந்த திருத்தத்தில் அந்தப் பிரிவை எடுத்தே விட்டார்கள். வயநாட்டுக் கடனைப் பற்றிக் கேரள ஹைகோர்ட்டு கேட்டபோது, அந்தப் பிரிவுதான் சட்டத்தில் இல்லையே என்று மத்திய சர்க்கார் பதில் மனுப் போட்டது. கேரளத்துக் கூட்டுறவு வங்கியான கேரள வங்கி மட்டும், தன் சூரல்மலைக் கிளையில் செத்தவர்கள், வீடிழந்தவர்கள் கடனை 2024 ஆகஸ்டிலேயே தள்ளுபடி செய்து காட்டிற்று. மனமிருந்தால் செய்ய முடிந்திருக்கிறது. மண்ணுக்கடியில் போன வீட்டுக்குத் தவணை கேட்கும் உரிமையைக் காப்பாற்ற, பார்லிமெண்டில் ஒரு திருத்த மசோதா! நாளை நாகப்பட்டினத்து மீனவன் படகுக் கடனுக்கும், மகளிர் குழுக் கடனுக்கும் இதே பதில்தான் வரும். நமது சங்கங்கள் இந்த ஒரு பிரிவை மீட்க மட்டுமே தனியாக ஒரு இயக்கம் நடத்தினாலும் தகும்.

உயிரைக் காப்பது வேறு, பிழைப்பைக் காப்பது வேறு. முதலாவதில் நாடு கொஞ்சம் முன்னேறித்தான் இருக்கிறது. 1999ல் ஒரிசாவைத் தாக்கிய பெரும் புயலில் சுமார் பத்தாயிரம் பேர் மாண்டார்கள். அதன் பிறகு கரையோரத்தில் புயல் பாதுகாப்புக் கட்டிடங்கள் எழுப்பினார்கள். ஊருக்கு ஊர் ஆட்களைப் பழக்கினார்கள். 2013ல் பைலின் புயல் வந்தபோது பத்து லட்சம் பேரை முன்னதாகவே அப்புறப்படுத்தினார்கள். சாவு சில பத்துக்களோடு நின்றது. இது மேலேயிருந்து உத்தரவு போட்டு மட்டும் ஆன காரியமல்ல. யார் வீட்டில் கிழவி இருக்கிறாள், யார் வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கிறாள் என்று தெரிந்த ஊர்க்காரர்கள் செய்த காரியம். 2018 கேரள வெள்ளத்தில் படகை லாரியில் ஏற்றிக் கொண்டு வந்த மீனவர்களுக்கு யார் உத்தரவு போட்டது?

பிழைப்பைக் காக்கும் விஷயத்தில் அப்படி ஒரு ஏற்பாடு இதுவரை இல்லை. 2021 முதல் 2026 வரை ஐந்து வருஷத்துக்கு மாநிலங்களுக்கென 15வது நிதிக் கமிஷன் வகுத்த தொகை ரூ. 1,60,153 கோடி. அதில் ஐந்தில் ஒரு பங்கு, சேதம் வருமுன் தடுக்கும் வேலைக்கு. கண்மாய்க் கரை, வடிகால், மழைக்குத் தாங்கும் கூரை, இவைதானே தடுப்பு வேலை? அந்தப் பங்கில் நமது ஊர்க் கண்மாய்க்கு என்ன வந்தது என்று எந்தக் கிளையாவது கேட்டதுண்டா?

நமது குறையையும் சொல்லி விடுகிறோம். வெள்ளம் வந்தால் நமது தோழர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்குகிறார்கள். அரிசி சேர்க்கிறார்கள், துணி சேர்க்கிறார்கள், கஞ்சி காய்ச்சுகிறார்கள். தண்ணீர் வடிந்ததும் நாமும் வடிந்து விடுகிறோம். கணக்கெடுக்க வரும் சர்க்கார் ஊழியர் யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பட்டியல் எழுதுகிறார் என்று பார்க்க அப்போது நம்மவர் யாரும் அங்கில்லை. பட்டியலில் விட்டுப் போனவன் மூன்று மாதம் கழித்து மனுவோடு வருகிறான். அப்போது நாம் ஆர்ப்பாட்டம் நடத்துகிறோம். வடகிழக்குப் பருவ மழை நமக்குச் சொல்லாமல் வரும் விருந்தாளியா?

ஆகவே, மழைக்கு முன்னால் பட்டியல் நம் கையில் இருக்க வேண்டும். நிலமில்லாத கூலிக் குடும்பம் எது, வாடகைக்கு இருப்பவர் யார், குத்தகைச் சீட்டில்லாமல் பயிர் வைத்தவர் யார், ரேஷன் கார்டு ஊரில் இருக்கப் பிழைப்புக்கு இங்கே வந்தவர் யார், வெள்ளம் வடிந்த மறுநாள் சேற்றை வாரக் கூட்டிச் செல்லப்படும் துப்புரவுத் தொழிலாளிக்குக் கையுறையும் பூட்சும் இருக்கிறதா என்பதெல்லாம் தெருவாரியாக எழுதப்பட வேண்டும். அக்டோபர் 2ந் தேதி கிராம சபையில் அதைப் படித்துத் தீர்மானமாக ஏற்றச் செய்யுங்கள். மறுத்தால் மறுத்ததையும் நிகழ்ச்சிப் புத்தகத்தில் எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். சேதம் வந்த அன்று அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு, வாழ்வாதார விதிப்படி முப்பது நாள் கூலி என்று கேளுங்கள். பொதுவாக 'நிவாரணம் கொடு' என்று கேட்டால் பொதுவாகவே பதில் வரும்.

டில்லியிடம் நாம் கேட்பது: 13வது பிரிவைத் திரும்பக் கொண்டுவா. மறுவாழ்வுக்குக் கடன் கொடுப்பதை நிறுத்தி மானியம் கொடு. குடிசைக்கு ஒரு விலை, வீட்டுக்கு ஒரு விலை என்ற பேதத்தை எடு. மாநில அரசிடம் கேட்பது: அடுத்த மனுவை டில்லிக்கு அனுப்பும்போது கூலி இழப்பு என்று ஒரு தனித் தலைப்புப் போட்டு, எத்தனை குடும்பம், எத்தனை நாள் என்று எழுதி அனுப்பு. அந்தத் தலைப்பின் கீழ் நிரப்ப வேண்டிய எண்களை நமது கிளைகள் செப்டம்பர் மாதக் கடைசிக்குள் ஜில்லா ஆபீசுக்கு அனுப்பி வைக்க வேண்டும்.