மேடெழுந்த சித்திரம்

தஞ்சாவூர்ச் சித்திரங்களில் ஆபரணங்கள் பலகையினின்று மேலெழுந்து நிற்பதைக் கண்டிருப்பீர்கள். சுண்ணாம்புத் தூளும் பசையும் சேர்ந்த மக்கே அதன் இரகசியம். அம்முறையுடன் வெட்டுத்தாளையும் சேர்த்துக்கொண்டால், சித்திரம் எழுதத் தெரியாதவர்களும் அழகிய பலகை ஒன்று செய்துவிடலாம்.

பழைய எக்ஸ்ரே படத்தாளில் தாமரை வரைந்து, கூரிய கத்தியால் இதழ்களை வெட்டியெடுங்கள். இதழுக்கு இதழ் மெல்லிய பாலம் விடவேண்டும். முதன்முறை நான் அதை மறந்தேன். மலர் முழுவதும் கழன்று விழ, கையில் எஞ்சியது ஓர் ஓட்டையே! மதுராவிலும் பிருந்தாவனத்திலும் சாஞ்ஜி வேலை செய்வோர் காகிதத்தில் மயிலையும் மரத்தையும் கத்தரிக்கும்போது காக்கும் நுட்பமும் இதுவே.

பின்னர் சீமைச்சுண்ணாம்புத் தூளைப் பிசின்நீரில் தோசைமாவினும் கெட்டியாகக் குழைத்து, பலகைமீது வைத்த தாளின்மேல் மெல்லிதாகத் தடவுங்கள். ஈரமிருக்கையிலேயே தாளை நேராக மேலே தூக்குங்கள். உலர்ந்தபின் தூக்கினால் ஓரங்கள் பெயர்ந்துவரும். ஒரேயடியாகக் கனமாய் அப்பினாலோ, மேற்பாகம் முதலில் உலர்ந்து சுருங்கி வெடித்துவிடும். ஆகவே ஒரு பூச்சு உலர்ந்த பின்னரே மறு பூச்சு. நிழலில் உலர்த்தி, உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்து, வர்ணம் பூசுங்கள். வர்ணத்தில் நீர் மிகுந்தால் பிசின் மீண்டும் இளகும்.

குழந்தைகளிடம் கத்தியைக் கொடாமல், பூசும் வேலையைக் கொடுங்கள். இதழொன்று கோணலானாலும் அழிக்கவேண்டாம். கடையில் வாங்கிய படத்தை விருந்தினர் பார்ப்பதோடு சரி. இதைச் செய்தது யாரென்று கேட்பார்கள். அப்பொழுது அந்தக் குழந்தையே பதில் சொல்லட்டும்!