மருந்துக்கு மசியாத துரு நோய்

உலகிலேயே மிக அதிகமாகச் சோயா மொச்சை விளைவிக்கும் நாடு பிரேசில். அந்த நாட்டு விவசாயிகளின் தூக்கத்தைக் கெடுத்து வருகிறது ஒரு காளான். "ஆசியத் துரு நோய்" என்று அதற்குப் பெயர்.

1902-ல் ஜப்பானில் அறியப்பட்ட இந்த நோய், 2001-ல் பிரேசிலில் தலை காட்டியது. காளானின் வித்துத் தூள் காற்றிலே பறந்து மைல் கணக்கில் போகும். இலையின் அடிப்புறத்தில் பழுப்புப் பொட்டுகள் தோன்றும். இலை மஞ்சளித்து உதிரும். காய் நிரம்பாது. கவனியாமல் விட்டால், நூற்றுக்கு எண்பது பங்கு மகசூல் கூடப் போய்விடும்!

மருந்து இல்லையா? இருக்கிறது. முதலில் டிரையசோல் இன மருந்துகள் கைகொடுத்தன. சில ஆண்டுகளில் அவற்றின் வேகம் தணிந்தது. அடுத்து ஸ்டிரோபிலூரின், அதன் கதையும் அப்படியே. பிறகு வந்த கார்பாக்சமைடுக்கும் காளான் பணிய மறுக்கத் தொடங்கிவிட்டது.

காரணம் என்ன? இந்த மருந்துகள் ஒவ்வொன்றும் காளானின் உடலில் ஒரே இடத்தைத்தான் தாக்குகின்றன. அந்த இடத்தில் சிறு மாறுதல் உள்ள காளான் பிழைத்துக்கொள்கிறது, அதுவே பெருகுகிறது. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பத் தெளிப்பவர், நோஞ்சானைக் கொன்று பலசாலியை வளர்க்கிறார். அதுவும், பொட்டுகள் வயல் முழுவதும் பரவிய பிறகு தெளித்தால் பணம்தான் பாழ்.

இதனால் பழைய மாங்கோசெப் மீண்டும் களத்துக்கு வந்திருக்கிறது. அது பல இடங்களில் தாக்குவதால், காளான் எளிதில் தப்ப முடியாது. ஆனால் மழையில் கழுவிப் போகும். இலைக்குள் புகுந்துவிட்ட நோயைத் தீர்க்காது. அதோடு, உடல் நலனுக்குக் கேடு என்று ஐரோப்பிய ஒன்றியம் 2020-ல் அதன் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்துவிட்டது. அதையே மலைபோல் நம்புவதும் சரியல்ல.

இந்தக் காளானுக்கு உயிருள்ள செடி வேண்டும். செடி இல்லையேல் அது இல்லை! இதை அறிந்துதான் 2006 முதல் பிரேசில் மாநிலங்கள் "வெற்றுக் காலம்" வகுத்தன. ஆண்டுதோறும் குறைந்தது 90 நாள், வயலில் ஒரு சோயாச் செடிகூட உயிரோடு நிற்கக்கூடாது. மருந்துச் செலவோடு ஒப்பிட்டால், இது மலிவான வைத்தியம். ஆனால் ஒருவர் ஏமாற்றினாலும் ஊருக்கே நஷ்டம். சோயா அறுத்த நிலத்திலேயே உடனே மறுபடி சோயா விதைப்பவர், தம் வயலோடு அண்டை வயலையும் நோய்க்குத் தாரை வார்க்கிறார்.

இந்த விஷயத்தில் அதிகாரிகள் தாட்சண்யம் காட்டக்கூடாது. வயலுக்குச் சொந்தக்காரர் உண்டு, அபராதம் விதிக்கலாம். லாரியிலிருந்து சிந்திச் சாலையோரம் முளைத்து நிற்கும் செடிக்கு யார் பொறுப்பு? அதையும் பிடுங்க ஆள் போட வேண்டும்.