செய்மதியும் லயன் வீடும்

"கஷ்டப்படும் நாட்டுக்குச் செய்மதி எதற்கு?" 2019 இல் இராவணா-1 விண்ணுக்குச் சென்றபோது எழுந்த கேள்வி இது. ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ள அச்செய்மதியை ஜப்பானில் உருவாக்கிய இரு இலங்கைப் பொறியியலாளர்களுள் ஒருவர் பெண் என்பதில் எனக்குப் பெருமையே.

ஆனால் எமது ஊவா மலைநாட்டில் இன்னொரு கேள்வியும் உண்டு. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்து லயன்கள் மண்ணுள் புதைந்தன. அது ஆபத்தான இடமென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலேயே எச்சரித்திருந்தது. எச்சரிக்கை வந்தது, மாற்று வீடு வரவில்லை.

ஆகவே விஞ்ஞானத்துக்குச் செலவிடும் பணத்தை நான் குறைகூற மாட்டேன். ஆபத்தை அறிந்த பின்னும் மக்களுக்குப் பாதுகாப்பான காணி வழங்காத நிர்வாகத்தையே கேள்வி கேட்பேன். செய்மதி மழைமேகத்தைக் காட்டும். குடும்பங்களை இடம்மாற்றுவது அதிகாரிகளின் கடமை. சகோதரிகளே, விண்வெளியைப் படிப்போம். நிர்வாகப் பதவிகளுக்கும் செல்வோம். உயிர்காப்பது நம் மார்க்கம் சொன்ன கடமையல்லவா?