7 அடி ஆளை விரட்டலாமா?

விடியற்காலை 3 மணி. ஊரே தூங்குகிறது. ஒரு வாலிபர் மட்டும் பழைய ஆட்டத்தின் வீடியோவைப் பார்த்துவிட்டு, தன் மேலதிகாரிக்கு செல்போனில் அவசரத் தகவல் அனுப்புகிறார்.

களவு, கடத்தல் என்று நினைத்துவிட வேண்டாம். இது கூடைப்பந்து சமாசாரம். 2015 ஜூன் மாதம் அமெரிக்காவில் நடந்தது.

அந்த வாலிபர் நிக் யூரென். வயது 28. கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியின் கோச் ஸ்டீவ் கெருக்கு உதவியாளர். என்.பி.ஏ. இறுதிப் போட்டியில் 4 ஆட்டம் ஜெயித்தால் கோப்பை. வாரியர்ஸ் ஒன்றில் ஜெயித்து, இரண்டில் தோற்று, விழி பிதுங்கி நின்ற நேரம்.

யூரென் சொன்ன யோசனை இதுதான். 7 அடி உயர ஆண்ட்ரூ போகட்டை உட்கார வையுங்கள். அவர் இடத்தில் 6 அடி 6 அங்குல ஆண்ட்ரே இகுடாலாவை இறக்குங்கள்.

கேட்கிறவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத்தான் படும். எதிரணியான கிளீவ்லாந்தில் திமோபி மோஸ்காவ் என்று 7 அடி 1 அங்குலத்தில் ஒரு ராட்சசர். அவருக்கு எதிரே குட்டை ஆளா?

பொய் சொன்ன கோச்

ஆட்டத்துக்கு முன்பு நிருபர்கள் கேட்டார்கள். 'மாற்றம் எதுவும் இல்லை' என்று சொல்லிவிட்டார் கெர். பச்சைப் பொய்! ஆட்டம் முடிந்ததும் அவரே ஒப்புக்கொண்டார். தினமும் பொய் கேட்டு எழுதுகிற வேலை என்னுடையது. சொன்ன பொய்யை அன்றைக்கே ஒப்புக்கொண்ட மனுஷனை நான் இன்னும் பார்த்ததில்லை.

அன்று முதல் 7 பாயிண்டும் எதிரிக்கே போயிற்று. தொலைந்தது என்று ரசிகர்கள் தலையில் கை வைத்தார்கள். கடைசியில் வாரியர்ஸ் 103, கிளீவ்லாந்து 82! மோஸ்காவ் 28 பாயிண்ட் போட்டும் பிரயோஜனம் இல்லை.

காரணம் லேசானது. ராட்சசருக்குக் கூடையின் அடியில்தான் பலம். எதிரே உள்ள ஐந்து பேரும் தூரத்தில் நின்று எறியக்கூடிய ஆட்களாக இருந்தால், அவர் வெளியே ஓடி வரணும். வந்தால் கூடை காலி. வராவிட்டால் 3 பாயிண்ட் போச்சு.

அடுத்த ஆட்டத்தில் கிளீவ்லாந்து மிரண்டு போய் மோஸ்காவை 9 நிமிடம்தான் ஆட விட்டது. தன் ஆயுதத்தைத் தானே கீழே போட்டது. என் அபிப்பிராயத்தில் போட்டி முடிந்தது அங்கேதான். 40 ஆண்டுக்குப் பிறகு வாரியர்சுக்குக் கோப்பை.

பெஞ்சில் உட்கார்ந்தவர்

இகுடாலா சாமானிய ஆள் இல்லை. அதுவரை லீக் சுற்றில் 758 ஆட்டம் ஆடியவர். அத்தனையிலும் முதல் ஐவரில் ஒருவர். 2014-ல் கோச்சாக வந்த கெர், அவரை பெஞ்சுக்குப் போகச் சொன்னார். போனார். லீக் சுற்று முழுவதும் ஒரு ஆட்டத்தில்கூட முதலில் இறங்கவில்லை. கடைசியில் இறுதிப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் பட்டம் அவருக்கே! ஆபீசில் சீனியர் கிளார்க் நாற்காலியை ஜூனியருக்குப் போட்டுப் பாருங்கள், இது எத்தனை பெரிய விஷயம் என்று தெரியும்.

முன்வரிசை என்பது மூன்று பேர். ஆட்டம் 48 நிமிடம். ஆக 144 நிமிடத்தைப் பங்கு போடணும். 6 பவுல் செய்தால் ஆள் வெளியே. கால் பிசகினாலும் வெளியே. மூன்று நட்சத்திரங்களை மட்டும் வாங்கிப் போட்டால் கணக்கு உதைக்கும்.

மறு வருஷம் நடந்த கொடுமை

2015 வெற்றிக்குப் பிறகு 'நெட்டையர் காலம் முடிந்தது' என்று பலர் பேச ஆரம்பித்தார்கள். அங்கேதான் எனக்குச் சண்டை.

2015-16 சீசனில் வாரியர்ஸ் 73 ஆட்டம் ஜெயித்து சாதனை படைத்தது. இறுதிப் போட்டியில் அதே கிளீவ்லாந்தை 3-1 என்று நெருக்கியது. இன்னும் ஒன்றே ஒன்று பாக்கி. 5-வது ஆட்டத்துக்கு டிரேமண்ட் கிரீனுக்குத் தடை. அதே ஆட்டத்தில் போகட்டுக்கு முழங்காலில் அடி. அவ்வளவுதான்! கூடைக்குக் காவல் இல்லை. மாற்று ஆட்களாக வந்த எசெலியும் வரேஜாவும் ஈடு கொடுக்க முடியவில்லை. லெப்ரான் ஜேம்ஸ் வீட்டுக்குள் நுழைவது மாதிரி நுழைந்தார். கடைசி ஆட்டம் 93-89. கோப்பை கை நழுவியது.

குட்டை அணி ஒரு சூழ்ச்சி. அதையே பிழைப்பாக வைத்துக்கொள்ள முடியாது. நெட்டை ஆளும் வேணும். அவருக்கு ஒரு மாற்றும் வேணும்.

இதைப் புரிந்துகொண்டது ஓக்லஹோமா சிட்டி தண்டர். 2024-ல் இரண்டு நெட்டையர்களை மாற்றி மாற்றி இறக்கிய டல்லசிடம் அடி வாங்கியது. செட் ஹோல்ம்கிரன் 7 அடிக்கு மேல்தான், ஆனால் ஒல்லி. உடனே 8 கோடியே 70 லட்சம் டாலருக்கு, 3 வருஷத்துக்கு, 7 அடி ஐசையா ஹார்ட்டன்ஸ்டைனைப் பிடித்துப் போட்டது. பணம் ஜாஸ்தி என்று முணுமுணுத்தவர்களும் உண்டு.

2025 இறுதிப் போட்டியில் எதிரி இந்தியானா. வேகமான அணி. தண்டரும் வேகத்துக்காக ஹார்ட்டன்ஸ்டைனை முதல் ஐவரிலிருந்து எடுத்துவிட்டு, கேசன் வாலசை இறக்கியது. 3 ஆட்டம் முடிந்தபோது 1-2 என்று பின்னடைவு. 4-வது ஆட்டத்தில் நெட்டையரைத் திரும்ப முதலில் இறக்கினார்கள். 111-104 ஜெயம்! ஜூன் 22-ந் தேதி கோப்பையும் வந்தது.

பாருங்க வேடிக்கையை. இரண்டும் 4-வது ஆட்டம். இரண்டிலும் 1-2 பின்னடைவு. ஒரு கோச் நெட்டையரை உட்கார வைத்தார். ஒரு கோச் எழுப்பிவிட்டார். இரண்டு பேரிடமும் எழுப்பவும் உட்கார வைக்கவும் பெஞ்சில் ஆள் இருந்தது.

போகட் கதை பாக்கி இருக்கிறது. கெவின் டூரன்ட்டை வாங்குவதற்கு இடம் பண்ண, 2016-ல் அவரை டல்லசுக்குத் தள்ளிவிட்டார்கள். மூன்று வருஷம் போயிற்று. அவர் சொந்த நாடான ஆஸ்திரேலியாவில் ஆடிக்கொண்டிருந்தார். 2019 மார்ச்சில் அழைப்பு வந்தது. கூப்பிட்டது யார் தெரியுமா? அதே வாரியர்ஸ்!