முதலில் துறைமுகம், பிறகு கப்பல்



பொம்மனஹள்ளியில் உட்கார்ந்துகொண்டு கப்பல் பயணத்தைப் பற்றி எழுதுவது வேடிக்கைதான். மழை பிடித்தால் சில்க் போர்டு பக்கம் கொஞ்சம் தண்ணீர் பார்க்கலாம், அவ்வளவே நம் கடல். ஆனால் ஒன்று உண்டு. சென்னை பஸ்ஸும் கொச்சி பஸ்ஸும் ராத்திரியில் நம் ஒசூர் ரோடு வழியாகத்தான் போகின்றன. ஏறிப் படுத்தால் கண் விழிக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு துறைமுகம்.

கோடை விடுமுறை நெருங்கும்போதெல்லாம் ஒரே மாதிரிக் கேள்விகள் வருகின்றன. "அப்பாவுக்கு எழுபது ஆகிறது, ஒரு தடவை கப்பலில் கூட்டிப் போக ஆசை. இத்தாலி, ஸ்பெயின் பக்கம் போகலாமா? எந்தக் கப்பல் நல்லது?" எந்தக் கப்பல் என்பதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் பதில். எந்த ஊரில் ஏறுவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

காரணம் எளிது. மத்தியதரைக்கடலின் மேற்குப் பாதியைச் சுற்றிவரும் பெரிய கப்பல்கள் பல, பார்சிலோனா, மார்செய், ஜெனோவா, ரோமுக்கான சிவிட்டாவெக்கியா என்று வாரம் முழுக்க வட்டமடிக்கின்றன. அதே கப்பலில் ஒருவர் பார்சிலோனாவில் ஏறலாம், இன்னொருவர் ஜெனோவாவில் ஏறலாம். நீச்சல் குளமும் பஃபேயும் நாடக அரங்கும் இருவருக்கும் ஒன்றே. ஏறும் ஊர்தான் வேறு. விளம்பரத் தாளில் கப்பலின் படம் பக்கம் முழுக்க இருக்கும். ஊரின் பெயர் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். நாம் அந்தச் சின்ன எழுத்திலிருந்து படிக்கத் தொடங்க வேண்டும்.

என்னைக் கேட்டால் ஜெனோவா. கொலம்பஸின் ஊர். நூறு வருஷத்துக்கு முன்னால் பிழைப்புத் தேடி அமெரிக்கக் கண்டங்களுக்குப் போன இத்தாலியர்கள் லட்சக்கணக்கில் கப்பலேறிய துறைமுகம். பிரின்சிப்பே ரயில் நிலையத்திலிருந்து கப்பல் முனையத்துக்குப் பெட்டியை உருட்டிக்கொண்டே நடந்துவிடலாம். பழைய நகரத்தின் சந்துகள் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் தோள் உரசும் அளவுக்குக் குறுகல். அவற்றைத் தாண்டினால் 2006-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ரோல்லி மாளிகைகள். சைவக்காரர்களுக்கும் கவலை இல்லை. கடலை மாவையும் ஆலிவ் எண்ணெயையும் கரைத்து, பெரிய தட்டில் ஊற்றி, விறகடுப்பில் சுட்டெடுக்கும் ஃபரினாத்தா அங்கே தெருவுக்குத் தெரு கிடைக்கும். நம் வீட்டு அடைக்கு ஒன்றுவிட்ட அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரோம் பார்க்கலாம் என்று சிவிட்டாவெக்கியாவைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தத் துறைமுகத்துக்கும் ரோமுக்கும் நடுவே எழுபது கிலோமீட்டருக்கு மேல். காலையில் இறங்கி, ரயில் பிடித்து, கொலோசியத்தின் முன்னால் படம் எடுத்து, மூச்சு வாங்க ஓடி வந்தால் அது சுற்றுலா ஆகாது. இரண்டு ராத்திரி முன்கூட்டியே போய் ஊரைப் பார்த்துவிட்டு ஏறுங்கள். பெங்களூரிலிருந்து வளைகுடாவிலோ ஃபிராங்ஃபர்ட்டிலோ விமானம் மாறித்தான் போகிறோம். விமானம் தாமதமானாலும் பெட்டி வராவிட்டாலும் கப்பல் நமக்காகக் காத்திருக்காது. அந்த இரண்டு நாள் ஊரைப் பார்ப்பதற்கும் ஆகும், எதிர்பாராததைச் சமாளிப்பதற்கும் ஆகும்.

அந்த ஊர்களும் அதைத்தான் விரும்புகின்றன. சில மணி நேரம் வந்து நெரிசலைக் கூட்டிவிட்டுப் போகும் கூட்டத்தால் அவை அலுத்துவிட்டன. வெனிஸின் ஜுடெக்கா கால்வாயில் பெரிய கப்பல்கள் நுழைய 2021 ஆகஸ்டிலிருந்து தடை. பார்சிலோனா தன் ஏழு கப்பல் முனையங்களை 2030-க்குள் ஐந்தாகக் குறைக்க 2025-இல் முடிவு செய்தது. தங்கிச் சாப்பிட்டுக் கடைக்காரரிடம் நாலு வார்த்தை பேசுகிறவரை எந்த ஊரும் வேண்டாம் என்று சொல்வதில்லை.

இனி வேலைக்கான பட்டியல். ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி நாள் வரை வைத்துக்கொள்ளாதீர்கள். எந்த நாட்டில் அதிக நாள் இருக்கப்போகிறீர்களோ அந்த நாட்டுக்கு விண்ணப்பம். நாள்கள் சமமாக இருந்தால் முதலில் காலெடுத்து வைக்கும் நாடு. வழியில் துருக்கியோ துனீசியாவோ வருகிறதென்றால் பலமுறை நுழையும் விசா கேளுங்கள். அந்த நாடுகளுக்குத் தனி விசா வேண்டுமா என்றும் பாருங்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஆகஸ்டில் ஐரோப்பா முழுக்க விடுமுறை. கூட்டமும் வெயிலும் உச்சத்தில். மே மாதமும் செப்டம்பர் கடைசியும் நமக்குத் தோது.

பணக்கணக்கில் டிக்கெட் விலையோடு நின்றுவிடக் கூடாது. ஆளுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று டிப்ஸ் தானாகவே பில்லில் ஏறும். வைஃபை, பானங்கள், கரையில் இறங்கிச் சுற்றுவது எல்லாம் பெரும்பாலும் தனி. வெளிநாட்டுத் தொகுப்பு என்றால் ஏஜென்ட் டிசிஎஸ் வரி பிடிப்பார். அதை வருமான வரிக் கணக்கில் காட்டிக் கழித்துக்கொள்ளலாம். கடல் ஒத்துக்கொள்ளாதவர்கள் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை கேளுங்கள். ஆட்டம் குறைவு, வாடகையும் குறைவு.

ஏறியதும் நடக்கும் பாதுகாப்புப் பயிற்சியைத் தட்டிக்கழிக்காதீர்கள். 2012 ஜனவரி 13 அன்று கோஸ்டா கான்கார்டியா கப்பல் பாறையில் மோதியபோது, அன்று மாலை சிவிட்டாவெக்கியாவில் ஏறியவர்களுக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதற்குப் பிறகுதான், புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட கையோடோ பயிற்சி நடந்தாக வேண்டும் என்று சர்வதேச விதி மாறியது.

இவ்வளவு செலவா என்று மலைப்பவர்களுக்கும், அப்பாவுக்குக் கடல் ஒத்துக்கொள்ளுமா என்று தயங்குபவர்களுக்கும் ஒரு யோசனை. முதலில் நம் பக்கத்துத் துறைமுகத்திலிருந்து இரண்டு மூன்று ராத்திரிப் பயணம் போய்ப் பாருங்கள். கார்டெலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல் 2022 ஜூனில் சென்னையிலிருந்து ஓடத் தொடங்கியது. அடுத்த ஜூனில் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை வரை போய் வந்தது. மேற்குக் கடலில் தென்மேற்குப் பருவமழை பிடிக்கும் மாதங்கள் அவை. அந்த நேரத்தில் கிழக்குக் கரைதான் கப்பலுக்கு வசதி. மழை ஓய்ந்தால் மும்பை, கொச்சிப் பக்கம். அட்டவணை வருஷத்துக்கு வருஷம் மாறும். விசாரித்துக்கொண்டு விடுப்புக்கு எழுதுங்கள்.

கொச்சியில் ஏறினால் அங்கேயும் இரண்டு நாள் முன்னதாகப் போங்கள். கப்பல் முனையம் இருக்கும் வெலிங்டன் தீவே, பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோவின் பொறுப்பில் துறைமுகத்தைத் தூர்வாரிய மண்ணால் உருவானது. உயர்நீதிமன்றத் துறையில் வாட்டர் மெட்ரோ ஏறினால் ஃபோர்ட் கொச்சி. வாஸ்கோடகாமாவை 1524-இல் முதலில் புதைத்த தேவாலயம் அங்கே. மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய யூதர் ஜெப ஆலயம். சனிக்கிழமை போகாதீர்கள், மூடியிருக்கும். வெளி என்ற மைதானத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தோபி கானாவை மட்டும் தவறவிடாதீர்கள். டச்சுக்காரர்கள் தங்கள் படையின் துணி துவைக்க அழைத்துவந்த தமிழ் வண்ணார்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே துவைக்கிறார்கள், கஞ்சி போடுகிறார்கள். பேச்சுக் கொடுங்கள், தமிழிலேயே பதில் வரும்.

அப்படியே வடக்கே பரவூர்ப் பக்கம் பட்டணம் என்ற ஊருக்கும் போய் வரலாம். பண்டைய துறைமுகமான முசிறி இங்கேதான் இருந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். 2007-இல் தொடங்கிய அகழாய்வில் மத்தியதரைக்கடல் நாடுகளின் மதுச்சாடித் துண்டுகள் கிடைத்தன. வியன்னாவில் இருக்கும் ஒரு பாப்பிரஸ் ஏடு, ஹெர்மாபொல்லோன் என்ற கப்பல் முசிறியில் ஏற்றிய சரக்கை அலெக்சாண்டிரியாவுக்குக் கொண்டுசேர்க்கும் கணக்கைச் சொல்கிறது. செங்கடல் வரை கப்பல், பாலைவனத்தில் ஒட்டகம், பிறகு நைல் நதியில் படகு. கடைசியில் சுங்கம் மட்டும் நாலில் ஒரு பங்கு! நம் விசாக் கட்டணத்தைப் பார்த்து முணுமுணுப்பவர்கள் அந்த வியாபாரியை நினைத்துக்கொள்ளலாம்.

நம் வீட்டுப் பெரியவர்கள் பலருக்குக் கப்பல் என்றால் 1926-இல் கட்டிய ரஜூலா. மதராஸிலும் நாகப்பட்டினத்திலும் ஏறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போனார்கள். அதன் இடத்துக்கு வந்த எம்.வி. சிதம்பரம் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்ததோடு அந்தப் போக்குவரத்து நின்றது. கப்பலில் விடுமுறைக்குப் போகும் முதல் தலைமுறை அநேகமாக நாம்தான். ஆகவே டிக்கெட் வாங்கும் முன் வீட்டில் ரஜூலாவைப் பார்த்த யாராவது இருந்தால் கேளுங்கள். கேட்டதை நமக்கும் எழுதி அனுப்புங்கள். இடம் ஒதுக்கிப் போடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்