இன்சாகி ஒளியவில்லை

மிலானில் சறுக்கியதும் கால்பந்துப் பயிற்சியாளர் பிலிப்போ இன்சாகி மூன்றாம் டிவிஷனுக்குப் போய் ஒளிந்துகொண்டார் என்கிறீர்கள். 2014-15இல் அவரது மிலான் பத்தாவது இடத்தில் முடித்தது உண்மைதான். ஆனால் ஒளிய வந்தவர் வெனிசியாவை 2017இல் இரண்டாம் டிவிஷனான செரி பி-க்கு ஏன் ஏற்றினார்? 2020இல் பெனவென்தோவை, இன்னும் ஏழு ஆட்டங்கள் மிச்சமிருக்கும்போதே, முதல் டிவிஷனான செரி ஆ-வுக்குக் கொண்டுபோனார். 34 ஆண்டுகள் காத்துக்கிடந்த பீசாவை 2025இல் அங்கே சேர்த்தவரும் அவரே.

மேலே போனால் தாக்குப்பிடிப்பதில்லை என்று எழுதியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேன். பொலோன்யா பாதி சீசனிலேயே அனுப்பிவிட்டது. பெனவென்தோ மறு ஆண்டே கீழிறங்கியது. நீங்கள் அதைச் சொல்லவில்லை. 2007 ஏதென்ஸ் சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் இரண்டு கோல் அடித்தவருக்குச் சின்ன மைதானம் அவமானம் என்கிறீர்கள். அதைப் பீசா ரசிகர்களிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.